மரத்துப் போன கையும் மிஞ்சிய மாத்திரைகளும்

சுவரில் ஆணி அடிக்கும்போது சுத்தியல் தவறிக் கட்டைவிரலில் விழுந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அந்த நொடியைச் சற்று நினைவுபடுத்திப் பாருங்கள். முதலில் 'சுருக்'கென்று ஒரு வலி. கையை உதறிவிடுகிறீர்கள். 'அவ்வளவுதானா' என்று நினைப்பதற்குள் இரண்டாவது வலி வந்து சேருகிறது. இது குத்துகிற வலியன்று. விண்விண்ணென்று தெறிக்கும் வலி. வந்தால் உடனே போவதும் இல்லை.

அடிபட்டதோ ஒரே முறை. வலி மட்டும் ஏன் இரண்டு தவணையாக வருகிறது?

விரலிலிருந்து வலிச் செய்தியைச் சுமந்து செல்லும் நரம்பிழைகள் இரு வகைப்படும். ஒரு வகை சற்றே தடித்தது. மேலே கொழுப்புறை போர்த்தியது. அதில் செய்தி விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை விரைந்து செல்லும். மற்றது உறையில்லாத மிக மெல்லிய இழை. அதில் செய்தியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான். உங்கள் விரல் நுனிக்கும் கழுத்துப் பகுதியிலுள்ள தண்டுவடத்துக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இனிக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். முதல் செய்தி ஐந்தில் ஒரு பங்கு விநாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டாவது வந்து சேர ஒரு விநாடி ஆகும். ஈரோட்டிலிருந்து ஒரே நேரத்தில் புறப்பட்ட எக்ஸ்பிரசும் பாசஞ்சரும் கோவைக்கு வேறு வேறு நேரத்தில் வந்து நிற்பதைப் போன்றது இது.

வலி என்பது புண்ணில் இருக்கும் பொருளன்று, புண்ணிலிருந்து புறப்படும் செய்தி என்பது இதிலிருந்து புலப்படும். செய்தியானால் அதை இரண்டு இடங்களில் மடக்கலாம். வரும் வழியிலேயே தண்டவாளத்தில் நிறுத்திவிடலாம். அல்லது சேரும் நிலையமாகிய மூளைக்குச் சென்று அங்குள்ளவரைக் கேட்காதவராக்கிவிடலாம். இந்த இரண்டு முறைகளில் எதை எப்போது கையாள்வது என்பது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். நம் வீட்டு அலமாரி வரைக்கும் வந்து நிற்கும் கேள்வி அது.

பட்டறைகளின் நாடு

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குக் கையின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறி. கணபதியிலும் பீளமேட்டிலும் பவுண்டரியும் லேத்துப் பட்டறையும். திருப்பூரில் பனியன் கம்பெனி. தோட்டத்துக்குப் போனால் மாட்டுக்குத் தட்டு நறுக்கும் மெஷின். சாலையோரத்தில் கரும்புச்சாறு பிழியும் மெஷின். இத்தனை உருளைகளுக்கும் பற்சக்கரங்களுக்கும் பவர் பிரஸ்களுக்கும் பக்கத்தில் நாள் முழுவதும் இருப்பது மனிதனின் கை. கண நேரம் கவனம் தப்பினால் போதும்.

கோவை மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள கங்கா மருத்துவமனை கை அறுவை மருத்துவத்துக்கு உலகம் அறிந்த இடமாக வளர்ந்ததற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம் எனலாம். டாக்டர் எஸ். ராஜசபாபதியின் தலைமையில் வளர்ந்த இந்தப் பிரிவுக்குப் பல நாடுகளிலிருந்து இளம் மருத்துவர்கள் பயில வருகின்றனர். துண்டான கையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, தலைமுடியினும் மெல்லிய நூலால் இரத்தக் குழாயையும் நரம்பையும் தைத்து ஒட்டும் வேலை இங்கே நடைபெறுகிறது. (துண்டான விரலை நேராகப் பனிக்கட்டியில் போடக் கூடாது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் பனிக்கட்டி போட்ட நீரில் வைக்க வேண்டும்.)

இந்த மருத்துவமனையை 1978-இல் தொடங்கியவர் டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதன். அவர் அறுவை மருத்துவரல்லர்; மயக்கவியல் மருத்துவர். கத்தி பிடிப்பவரின் பெயரே வெளியில் தெரியும். வலியைத் தடுப்பவரின் பெயர் தெரிவதில்லை என்பது உலக வழக்கம். ஆனால் இங்கே வலியைத் தடுப்பவர்தான் கடைக்கால் போட்டவர். அது தற்செயலாக இருக்கலாம். என்றாலும் பொருத்தமான தற்செயல்தான்.

கொல்லிமலையில் பிறந்த கை மருத்துவர்

வலியை எப்படி நிறுத்துவது என்று பார்ப்பதற்கு முன், வலியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஆராய்ந்த ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அவரும் கை அறுவை மருத்துவரே. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். பெயர் பால் பிராண்ட். பெற்றோர் அம்மலையில் தொண்டு செய்த ஆங்கிலேயர். பிராண்ட் இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி உதிரும் என்று அக்காலத்தில் பலர் நம்பினர். பிராண்டுக்கு இதில் ஐயம் எழுந்தது. ஒரு தொழுநோய் இல்லத்தில் நடந்த நிகழ்ச்சியை அவர் பின்னாளில் விவரித்திருக்கிறார். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தார். நோயாளியான ஒரு சிறுவன் வந்து சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். 'இந்தச் சிறுவனுக்கு இவ்வளவு வலிமையா?' என்று வியந்தவர் கீழே பார்த்தார். தரையில் இரத்தத் துளிகள். சிறுவனின் விரல் எலும்பு தெரியும்வரை அறுபட்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை!

தொழுநோய்க் கிருமி நரம்புகளைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் வலி இல்லை. வலி இல்லாததால் சுடுபாத்திரத்தைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்கும். இரவில் எலி வந்து விரலைக் கடித்தாலும் தூங்குபவர் விழிக்கமாட்டார். (இதற்காகவே நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள்.) விரல்களைத் தின்பது நோயன்று; கவனிக்கப்படாத காயங்களே என்று பிராண்ட் காட்டினார்.

1966-இல் அவர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே பொறியாளர்களுடன் சேர்ந்து ஒரு வினோத முயற்சியில் இறங்கினார். உணர்ச்சியற்ற கைக்குச் செயற்கை வலி உண்டாக்குவது! கையுறையில் அழுத்தத்தை அளக்கும் உணரிகளைப் பொருத்தினார்கள். அழுத்தம் மிகுந்தால் ஒலி எழும்பும்படி செய்தார்கள். விளக்கு எரியும்படியும் செய்து பார்த்தார்கள். நோயாளிகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. கடைசியாக மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள் நோயாளிகள். ஏதாவது ஒரு வேலையை முடித்தே தீர வேண்டுமென்றால் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்தனர்! முயற்சி கைவிடப்பட்டது. நம் உடலின் வலிக்கு மட்டும் நம் கைக்கெட்டும் சுவிட்ச் இல்லை. அதுவே அதன் பயன் என்று பிராண்ட் உணர்ந்தார். ஆனால் தாம் குடியேறிய நாட்டில் மக்கள் அந்தச் சுவிட்சைத் தேடி அலைவதையும் அவர் கண்டார், எழுதியும் வைத்தார். அவர் கண்டது எங்கே போய் முடிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தண்டவாளத்தில் நிறுத்துவது

பட்டறையில் விரல் நசுங்கிய ஒருவர் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கைக்குச் செல்லும் எல்லா நரம்புகளும் கழுத்தில் ஐந்து வேர்களாகத் தண்டுவடத்திலிருந்து புறப்படுகின்றன. காறை எலும்பின் அருகில் அவை ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து ஒரு பின்னலாகின்றன. அந்த இடத்தில் நரம்புக் கற்றைகள் எல்லாம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். நாலாபுறமும் பிரிந்து செல்லும் இருப்புப்பாதைகள் எல்லாம் ஒரே சந்திப்பில் கூடுவதைப் போல! அங்கே மருந்தைச் செலுத்திவிட்டால் தோளுக்குக் கீழே கை முழுவதும் மரத்துப் போகும். ஆள் விழித்திருப்பார், பேசுவார், தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்பார்.

முன்பெல்லாம் எலும்பையும் நாடித் துடிப்பையும் அடையாளமாக வைத்து ஊசியைச் செலுத்தினார்கள். காறை எலும்பின் அருகிலேயே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஊசி தவறினால் நுரையீரலில் துளை விழும். இப்போது செவியுணரா ஒலி அலைகளால் படம் காட்டும் அல்ட்ராசவுண்டு கருவி வந்துவிட்டது. திரையில் நரம்புகள் திராட்சைக் கொத்துபோலத் தெரியும். பக்கத்தில் இரத்தக் குழாய் துடிப்பது தெரியும். ஊசி நகர்வதும் தெரியும். மருத்துவர் கண்ணால் பார்த்துக்கொண்டே மருந்தை நரம்பைச் சுற்றிப் பரப்புகிறார்.

மருந்து என்ன செய்கிறது? நரம்பிழையின் சுவரில் எண்ணற்ற நுண்ணிய வாயில்கள் உள்ளன. செய்தி வரும்போது இவை திறக்க, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. ஓரிடத்தில் பாய்ந்ததும் அடுத்த இடத்து வாயில் திறக்கிறது. இப்படித் தீப்பற்றிய திரிபோலச் செய்தி முன்னேறுகிறது. மரத்துப் போகச் செய்யும் மருந்து இழையின் உள்ளே புகுந்து, உட்புறமிருந்து இந்த வாயில்களை அடைத்துவிடுகிறது. சோடியம் பாயாது, செய்தி நகராது. விரல் நசுங்கியே இருக்கிறது. ஆனால் மூளைக்குச் சேதி போவதில்லை. மருந்து கரைந்து விலகியதும் வாயில்கள் பழையபடி இயங்கத் தொடங்குகின்றன.

கங்கா மருத்துவமனையில் பெரும்பாலான கை அறுவைகள் இந்த முறையில்தான் நடைபெறுகின்றன. இதில் மற்றொரு நன்மையும் உண்டு. இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் நரம்பிழைகளும் இதே பின்னலோடு செல்கின்றன. அவையும் மரத்துவிடுவதால் குழாய்கள் விரிந்து, தைத்து ஒட்டிய விரலுக்கு இரத்தம் தாராளமாகப் பாய்கிறது. பெரிய அறுவையானால் மெல்லிய குழாய் ஒன்றை நரம்பருகே விட்டுவைத்துச் சில நாட்களுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்துவதும் உண்டு.

இப்படிக் கை மரத்துக் கிடக்கும்போது அதைத் தொட்டுப் பார்க்கும் நோயாளிக்கு அது அடுத்தவர் கைபோலத் தோன்றும். தலையணைமேல் தூக்கி வைத்திருக்கும் கனத்த கையைப் பார்த்து, "ஏனுங்க டாக்டர், இது என்ற கைதானுங்களா?" என்று கேட்டால் வியப்பில்லை.

இம்முறையின் தொடக்க வரலாறு கசப்பானது. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்பவர், கோகோ இலையிலிருந்து எடுத்த கோகேயின் கண்ணை மரத்துப் போகச் செய்யும் என்று கண்டறிந்தார். செய்தி நியூயார்க்கை எட்டியதும் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் அதை நரம்பருகே செலுத்திச் சோதித்தார். சோதனைக்கு எலியைத் தேடவில்லை. தமக்கும் தம் நண்பர்களுக்குமே ஊசி போட்டுக்கொண்டார். நரம்பை மரக்கச் செய்யும் வித்தை கைவந்தது. ஆனால் அவர் கோகேயினுக்கு அடிமையானார். அதிலிருந்து மீட்க மார்பின் கொடுத்தார்கள். பிறகு 1922-இல் இறக்கும்வரை மார்பினை அவரால் விடமுடியவில்லை. அமெரிக்க அறுவை மருத்துவத்தின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படுபவரின் கதை இது! படித்தவர், மருத்துவர், அதன் தீமையை அறிந்தவர் என்பதெல்லாம் அவரைக் காப்பாற்றவில்லை. இப்போது நரம்பருகே செலுத்தப்படும் லிக்னோகேயின், பியூபிவகேயின் போன்ற மருந்துகள் பெயரால் கோகேயினுக்கு உறவு. போதை தரும் குணம் இவற்றுக்கு இல்லை.

நிலையத்தில் அடக்குவது

ஹால்ஸ்டெட்டைப் பிடித்துக்கொண்ட மார்பின் எங்கிருந்து வருகிறது? உங்கள் வீட்டுச் சமையலறையில் கசகசா இருக்கும். அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்ததே அபின். கவலை வேண்டாம், குருமாவில் அரைத்து விடும் விதையில் அந்தப் பால் இல்லை. அபினிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தவர் செர்டூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர். அது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மார்பினும், அதைப்போல் வேலை செய்யும் பிற மருந்துகளும் அபின் இன மருந்துகள் எனப்படும்.

நம் உடலே இவற்றை ஒத்த பொருள்களைச் சிறிதளவு சுரக்கிறது என்பதை 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் என்ற இருவர் கண்டறிந்தனர். அவற்றை ஏற்கும் பூட்டுப் போன்ற ஏற்பிகள் மூளையிலும் தண்டுவடத்திலும் குடலிலும் உள்ளன. வெளியிலிருந்து வரும் மார்பின் அதே பூட்டுகளில் சாவியாக நுழைகிறது. வலிச் செய்தி வந்தாலும் மூளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் இந்தச் சாவி வலி அறையை மட்டும் திறப்பதில்லை. குடலில் திறந்தால் மலச்சிக்கல். மூளையின் மகிழ்ச்சி மையத்தில் திறந்தால் கிறக்கம். மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதியில் அளவு மீறித் திறந்தால் மூச்சே நின்றுபோகும். நாள் செல்லச் செல்ல ஏற்பிகள் மந்தமாகின்றன. நேற்றைய அளவு இன்று போதாது. நிறுத்தினால் உடலெல்லாம் நோகும். இதுதான் அடிமையாதல்.

இவ்வளவும் முன்பே தெரிந்திருந்தும் அமெரிக்கா எப்படி ஏமாந்தது? கதை ஐந்து வாக்கியங்களில் தொடங்குகிறது. 1980-இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஒரு சிறு கடிதம் வெளியாயிற்று. மருத்துவமனையில் இருந்தபோது அபின் இன மருந்து பெற்ற 11,882 நோயாளிகளில், முன்பு அப்பழக்கம் இல்லாதவர்களுள் நால்வரே அடிமையானதாகப் பதிவாகியிருந்தது என்பது அதன் செய்தி. மருத்துவமனைக் கட்டிலில், செவிலியர் கண் முன்னே, சில வேளை மருந்து பெற்றவர்கள் அவர்கள். வீட்டுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும் என்று கடிதம் சொல்லவே இல்லை. ஆயினும் பின்வந்தவர்கள் 600 தடவைக்கு மேல் அதை மேற்கோள் காட்டினார்கள். அவர்களுள் ஐந்தில் நால்வர், இது மருத்துவமனையில் இருந்தவர்களைப் பற்றியது என்று குறிப்பிடவே இல்லை! இதை 2017-இல் எண்ணிக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். மூலத்தைப் படிக்காமல் பக்கத்து மாணவனின் நோட்டைப் பார்த்து எழுதுவது பள்ளிக்கூடத்தில் மட்டும் நடப்பதன்று.

1996-இல் ஆக்சிகோன்டின் என்ற மாத்திரை சந்தைக்கு வந்தது. அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துக் காட்டியதாக அதன் நிறுவனம் 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையில் தொடங்கிய பலர் கள்ளச் சந்தைக்குப் போனார்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் அபின் இனப் பொருள்களால் இறந்தவர்கள் 80,000-க்கு மேல். இப்போது கொல்வது பெரும்பாலும் கள்ளத்தனமாகத் தயாராகும் பென்டனில்தான். ஆனால் பாதை போடப்பட்டது மருந்துச்சீட்டின் மேல்.

மாத்திரைகளை எண்ணியவர்கள்

இந்த நிலையில் அந்நாட்டுக் கை அறுவை மருத்துவர்கள் சிலர் மிக எளிய ஒரு காரியத்தைச் செய்தார்கள். எண்ணிப் பார்த்தார்கள். கையில் சிறு அறுவை செய்து அன்றே வீடு திரும்பிய 250 பேரிடம் விசாரித்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. பெரும்பாலோருக்கு 30 மாத்திரை தரப்பட்டிருந்தது. அவர்கள் விழுங்கியது சராசரி 10. மீந்துபோய் வீடுகளில் கிடந்தவை மொத்தம் 4,639 மாத்திரைகள்!

பிலடெல்பியா நகரத்து மருத்துவர்கள் 2016-இல் 1,416 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். ஆளுக்குச் சராசரி 24 மாத்திரை தந்திருந்தார்கள். உண்டது சராசரி 8. மீதம் 16. பதினாறை 1,416-ஆல் பெருக்கிப் பாருங்கள். 22,656. ஓர் ஊரில், ஒரு மருத்துவக் குழுவின் நோயாளிகளிடம் மட்டும், சில மாதங்களில்! இவை எல்லாம் எங்கே இருந்தன? குளியலறை அலமாரியில், மேசை இழுப்பறையில், வீட்டுப் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்தில்.

அவ்வூரில் இவ்வாராய்ச்சியை முன்னின்று நடத்தியவர்களில் ஆசிப் இலியாஸ் என்ற கை அறுவை மருத்துவரும் ஒருவர். எண்ணியதோடு அவர் நிற்கவில்லை. மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு விரல்கள் மதமதத்துப் போகும் நோய் ஒன்று உண்டு. நரம்பின் மேல் உள்ள பட்டையை அறுத்துவிட்டால் குணமாகும். அந்த அறுவைக்குப் பின் சிலருக்குப் பாராசிட்டமால், சிலருக்கு ஐபுபுரூபன், சிலருக்கு அபின் இன மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவில் மூன்று குழுவினரின் வலியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது மற்றொரு சோதனை. 2017-இல் வெளிவந்தது. அதே அறுவை செய்துகொண்ட 40 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு அறுவைக்கு முன்பே உட்கார வைத்து விளக்கினார்கள். எத்தனை நாள் வலிக்கும், எந்த மாத்திரையை எப்போது எடுக்கலாம், அபின் இன மாத்திரையின் ஆபத்து என்ன என்று. மறு பாதிக்கு இந்த விளக்கம் இல்லை. விளக்கம் கேட்டவர்கள் உண்ட அபின் இன மாத்திரை சராசரி 1.4, கேளாதவர்கள் உண்டது 4.2. மூன்றில் ஒரு பங்கு! புதிய மருந்து ஏதும் இல்லை. செலவானது சில நிமிடப் பேச்சு. வலியில் ஒரு பகுதி புண்ணிலிருந்து வருகிறது. ஒரு பகுதி 'என்ன ஆகுமோ' என்ற அச்சத்திலிருந்து வருகிறது. இரண்டாவது பகுதிக்கு மாத்திரை தேவையில்லை.

நம் ஊர் அலமாரி

'இதெல்லாம் அமெரிக்காவின் கவலை, நமக்கென்ன?' என்று கேட்கலாம். நம் நாட்டில் கை அறுவைக்குப் பின் வழக்கமாகத் தருவது பாராசிட்டமாலும் அதையொத்த சாதாரண வலி மாத்திரைகளுந்தான். 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்பினை எளிதில் யாரும் தொட முடியாதபடி செய்தது. எவ்வளவு கடுமை என்றால், புற்றுநோயின் தாங்கொணா வலியில் துடிப்பவர்களுக்குக்கூட அது கிடைக்காமல் போயிற்று. அபின் செடியைச் சட்டப்படி பயிரிட்டு உலகுக்கு மருந்துப் பொருளாக அளிக்கும் நாடு இது. மத்தியப்பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் அதன் வயல்கள் உள்ளன. அந்த நாட்டிலேயே இந்த நிலை! கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். இராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பின் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே மார்பினைப் பேயாக எண்ண வேண்டாம். வேறெதற்கும் அடங்காத வலிக்கு அது இன்றியமையாத மருந்து.

ஆனால் இடையில் ஒரு கொல்லைப்புற வழி திறந்துகொண்டது. மார்பினை விடச் சற்று மென்மையான டிராமடால், டேபென்டடால் போன்ற மாத்திரைகள் வந்தன. டிராமடாலை 2018-இல்தான் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். வலி மாத்திரைகளைப் போதைக்காக இளைஞர்களிடம் விற்றவர்களைக் கோவைக் காவல்துறையினர் அண்மை ஆண்டுகளில் பலமுறை கைது செய்திருக்கிறார்கள். செய்தித்தாளில் நீங்களும் படித்திருப்பீர்கள். வாங்கியவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. 'இது கஞ்சா அல்ல, மருந்துக்கடை மாத்திரைதானே' என்ற எண்ணமே அவர்களை ஏமாற்றியிருக்கும். மூளையில் உள்ள பூட்டுக்குச் சாவி எந்தக் கடையில் வாங்கியது என்பது தெரியாது.

இதை எழுத உட்காருமுன் எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். யாருக்கோ எப்போதோ பல் பிடுங்கியபோது வாங்கிய வலி மாத்திரை அட்டை ஒன்று, நான்கு மாத்திரை குறைந்து, காலம் கடந்து கிடந்தது. எதற்காக வைத்திருந்தோம் என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் பார்க்கலாம். பெரியவர்களை உடன் வைத்துக்கொண்டு பாருங்கள். சாதாரண மாத்திரைகூடத் தீங்கற்றது அன்று. பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் ஈரல் கெடும். மற்றவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். ஒருவருக்கு எழுதிய மாத்திரையை மற்றவர் விழுங்குவதும், மருந்துக்கடையில் 'வலிக்கு ஏதாவது கொடுங்க' என்று கேட்டு வாங்குவதும் நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது.

கை திரும்பி வரும் இரவு

மரத்துப் போன கையோடு நாம் விட்டுவந்த பட்டறைத் தொழிலாளியிடம் திரும்புவோம். மருந்தின் வேலை பல மணி நேரம் நீடிக்கும். நள்ளிரவில் விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. முழுதும் திறக்கும்வரை காத்திருந்து, வலி உச்சத்துக்கு ஏறியபின் மாத்திரை தேடினால் பெரிய மாத்திரைதான் வேண்டியிருக்கும். எனவே மரப்பு விலகத் தொடங்குமுன்பே சாதாரண வலி மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்கிறார்கள். வீக்கம் வடிந்தால் வலியும் வடியும். கையைத் தொங்கவிட்டு நடந்தால் விண்விண்ணென்று தெறிப்பதை யாரும் சொல்லாமலே அவர் கண்டுகொள்வார்.

சில நாட்கள் கழித்து விரலை அசைக்கும் பயிற்சி தொடங்குகிறது. அசைக்காவிட்டால் தைத்த தசைநாண் பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளும். மிகையாக அசைத்தால் தையல் அறுந்துபோகும். எவ்வளவு அசைப்பது? கனடா நாட்டின் கை அறுவை மருத்துவர் டொனால்டு லலோண்டு இதற்கு ஒரு வழி சொல்லிவருகிறார். நோயாளி முழு விழிப்போடு இருக்க, விரலை மட்டும் மரக்கச் செய்து அறுவை செய்யும் முறையைப் பரப்பியவர் அவர். ஊசியில் அட்ரினலின் கலந்து போட்டால் விரலே அழுகிவிடும் என்று பாடப்புத்தகங்கள் பல்லாண்டுகளாக எச்சரித்துவந்தன. அவரும் பிற மருத்துவர்களும் 3,110 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, ஒரு விரல்கூடக் கெடவில்லை என்று 2005-இல் காட்டினார்கள். இப்படிப்பட்டவர் பயிற்சிக்குச் சொல்லும் வழி என்ன தெரியுமா? முதல் சில நாட்களுக்குப் பின் வலி மாத்திரையை நிறுத்திவிடுங்கள். பிறகு வலி எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு அசையுங்கள் என்பதுதான். மாத்திரை உள்ளே இருந்தால் எங்கே நிறுத்துவது என்று விரலால் சொல்ல முடியாது.

கார்விலில் கையுறையும் மின்கம்பியும் வைத்துப் பால் பிராண்டு செய்ய முயன்று முடியாமற்போன கருவி அது. பட்டறைத் தொழிலாளியின் கையில் அது இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறது. அவர் விரலை மெல்ல மடக்குகிறார். ஓரிடத்தில் 'சுருக்'கென்கிறது. அங்கே நிறுத்துகிறார். நாளைக்கு இன்னும் ஒரு நெல்லளவு கூடுதலாக மடங்கும்.